எந்த ஆடிப் பதினெட்டு?

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

முன்னுரை

கொல்லிமலையிலுள்ள நாடுகளுள் ஒன்றாகிய குண்டூர் நாடு என் பிறந்த மண். அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், சாமையும் மரவள்ளியும் மிளகும் காபியும் விளையும் எங்கள் மலைநாடு தொடங்கும். இம்மலையில் ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே நாளில், எதிரில் வருபவரைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்னும் அளவுக்குக் கூட்டம் சேரும். அந்த நாள் ஆடிப் பதினெட்டு. சிறு வயதில் அது எனக்குப் புதுச்சட்டை நாள். பள்ளி இல்லாத நாள். அந்நாளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டிய தேவை எனக்கு வரும் என்று அப்போது எண்ணியதில்லை.

தேவை வந்தது 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். என் அப்பாயியை முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஓர் அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றேன். மேசைக்கு எதிரே இருந்தவர், “பிறந்த தேதி என்னம்மா?” என்று கேட்டார். அப்பாயி சற்றும் தயங்காமல், “ஆடிப் பதினெட்டு சாமி” என்றார். அவர் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. “எந்த ஆடிப் பதினெட்டும்மா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை. வரலாறு பயிலும் மாணவன் நான். ஆடிப் பதினெட்டு என்பது ஒரு நாளா, பல நாள்களா? காவிரிக் கரையில் அது நீரின் நாள். எங்கள் மலையில் வல்வில் ஓரியின் நாள். சங்ககிரியில் தீரன் சின்னமலையின் நாள். எங்கள் வீட்டில் அப்பாயியின் நாள். இத்தனையும் ஒரே தேதியில் எவ்வாறு வந்து தங்கின என்பதை எனக்கு எட்டிய அளவில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரின் நாள்

இந்நாளுக்கு உரியவர்களுள் மூத்தது தண்ணீரே. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பெய்ய, காவிரியும் கபினியும் பெருகி, அப்பெருக்கு ஆடி மாதத்தில் தமிழகச் சமவெளியை அடையும். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்னும் உழவர் மொழி இக்காலத்தைக் கருதியதே. புது வெள்ளத்தைக் கண்டு மகிழ்ந்து, ஆற்றுக்குப் பூவும் காதோலை கருகமணியும் இட்டு, தாலிக்கயிறு மாற்றி, கலவைச் சோறு கட்டிக்கொண்டு கரையில் அமர்ந்து உண்பது இந்நாளின் வழக்கம். புதுப்புனலை வரவேற்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பரிபாடலில் வையையைப் பாடும் பாடல்கள் வெள்ளத்தில் நீராடி மகிழ்ந்த மதுரை மக்களை நம் கண்முன் நிறுத்துகின்றன. 1950-ல் தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினமும் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மீது வரும் ஓர் ஆடிப் பதினெட்டில்தான் தொடங்குகிறது என்பதை நண்பர்கள் நினைவு கூர்வர்.

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் நிலைமை சற்று மாறியது. 120 அடி முழு நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் உடைய அவ்வணை, பாசனத்திற்காகத் திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12. எனவே ஆடிப் பெருக்கு பெருகுவதும் பெருகாததும் இன்று மழையோடு அணையின் நீர்மட்டத்தையும் பொறுத்ததாகிவிட்டது. ஆனால், நீர் குறைந்த ஆண்டிலும் மக்கள் ஆற்றுக்குப் போகாமல் இருப்பதில்லை. வெள்ளம் தவறலாம், நாள் தவறுவதில்லை. இதை ஈண்டுக் குறித்துக்கொள்வோம். இயற்கையில் பிறந்த ஒரு விழா, நாளடைவில் இயற்கையை விட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் மலையில் காவிரி இல்லை; ஐயாறு உண்டு. பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் அவ்வாறு, சிறிது தொலைவில் ஆகாயகங்கை அருவியாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது. அம்பலவாணக் கவிராயர் இயற்றிய ‘அறப்பளீசுர சதகம்’ இக்கோயிலின் இறைவனை முன்னிலைப்படுத்திப் பாடப்பெற்றதாகும். ஆற்றிலுள்ள மீன்களை இறைவனுக்கு உரியவையாகக் கருதி இங்கு எவரும் பிடிப்பதில்லை. ஆடிப் பதினெட்டன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி அருவியில் நீராடி, மீண்டும் அத்தனை படிகளையும் ஏறிவந்து வழிபடுவோர் பலர். இறங்கும்போது பேசிக்கொண்டு போகிறவர்கள் ஏறும்போது பேசுவதில்லை என்பது நான் ஆண்டுதோறும் கண்ட காட்சி.

ஓரியின் நாள்

இரண்டாவதாக இந்நாளில் வந்து சேர்ந்தவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன், கொல்லிக்குத் தலைவன். புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் இவனது வில்லாற்றலைக் காட்டுகிறார். யானையை வீழ்த்திய அம்பு புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்பது அப்பாடல் தரும் செய்தி. அப்பாட்டில் அம்பைவிட என்னைக் கவர்வது பிறிதொன்று. காட்டிலே இவ்வேடனைக் கண்ட பாணர் கூட்டம், அவன் யாரென்று அறியாமல் ஓரியின் புகழைப் பாடுகிறது. தன் பெயரைத் தன் எதிரிலேயே கேட்ட அவன் நாணுகிறான். அவர்கள் வேண்டுவதைக் கேட்பதற்கு முன்பே இறைச்சியும் தன் மலையின் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான்.

ஓரியின் முடிவும் சங்க நூல்களில் உள்ளது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியை அகநானூற்றின் 209-ஆம் பாடல் கூறுகிறது. ஓரியைக் கொன்றபின் காரி அவ்வூர்ப் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணை 320-ல் கபிலர் ஓர் உவமையாக ஆள்கிறார். ஓரியும் காரியும் இருவருமே கடையெழு வள்ளல்கள் என்பதும், ஒருவரை மற்றவர் கொன்றார் என்பதும் நினைக்க நினைக்க வருந்தத்தக்கவை.

சங்கப் பாடல்கள் ஓரியின் கொடையைக் கூறுகின்றன, குதிரையைக் கூறுகின்றன, அவனைக் கொன்றவன் பெயரையும் கூறுகின்றன. ஆனால் அவன் பிறந்த நாளையோ இறந்த நாளையோ கூறவில்லை. புலவர்கள் நாள் குறித்து வைக்கவில்லை. அதனை ஒரு குறையாகவும் அவர்கள் கருதவில்லை. அங்ஙனமாயின், தமிழக அரசு ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய நாள்களில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா எடுப்பதற்கு அடிப்படை யாது?

விடை எளியது. அந்நாளில்தான் மக்கள் ஏற்கெனவே கூடுகிறார்கள். அறப்பளீசுவரர்க்கும் அருவிக்கும் வருகின்ற கூட்டத்தின் நடுவே செம்மேட்டில் ஓரிக்கு மேடை அமைக்கப்பட்டது. குதிரை மீதமர்ந்த ஓரியின் சிலைக்கு மாலை அணிவிக்கின்றனர். வில்வித்தைப் போட்டியும் மலர்க் கண்காட்சியும் நடைபெறுகின்றன. நாமக்கல் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடப்பட்டு, பின்னர் ஒரு சனிக்கிழமை அதற்கு ஈடான வேலைநாளாக அறிவிக்கப்படுகிறது. இவ்விடுமுறை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்பதால் கருவூலத்தில் அவசரப் பணிக்கு மட்டும் சிலர் இருப்பர். வள்ளலுக்குரிய நாளில் கருவூலத்தை முழுவதும் பூட்டாதிருப்பது ஒருவகையில் பொருத்தமே!

ஆக, ஓரிக்கு இந்நாள் வரலாறு கொடுத்ததன்று, மக்கள் கொடுத்தது. நாள் இல்லாத ஒருவனுக்கு ஊரார் தங்கள் நாளில் இடம் ஒதுக்கித் தந்தனர்.

சின்னமலையின் நாள்

மூன்றாவது நினைவு நேர்மாறானது. இதற்கு ஆண்டு உண்டு, மாதம் உண்டு, தேதியும் உண்டு. காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்த தீர்த்தகிரி, தீரன் சின்னமலை எனப் புகழ்பெற்றார். திப்பு சுல்தானோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார். 1799 மே 4-ல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தபின் ஓடாநிலையில் கோட்டை கட்டிப் போரைத் தொடர்ந்தார். இறுதியில் பிடிபட்டு, 1805 ஜூலை 31-ல் உடன்பிறந்தோருடன் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

கொங்கு நாட்டில் முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டால் அவர் ஜூலை 31 என்று சொல்லமாட்டார்; “ஆடிப் பதினெட்டு” என்பார். அரசும் ஆடிப் பதினெட்டன்றே சின்னமலைக்கு மாலை சூட்டுகிறது. ஆனால் இந்திய அஞ்சல் துறை அவருக்கு வெளியிட்ட அஞ்சல் தலை வெளிவந்த நாள் 2005 ஜூலை 31. அவர் மறைந்த 200-ஆம் ஆண்டு நிறைவு நாளாக அஞ்சல் துறை ஜூலை 31-ஐக் கொண்டது. மக்களோ அதே ஆண்டில் ஆகஸ்டுத் தொடக்கத்தில் வந்த ஆடிப் பதினெட்டைக் கொண்டனர். ஒருவரே, ஒரே ஆண்டில், இரு நாள்களில் நினைக்கப்பட்டார். இவ்விரண்டில் பிழையானது எது?

நான் முதலில் மக்கள் நினைவே தவறு என்று எண்ணினேன். நூலில் அச்சான தேதியை நம்புவதும் வாய்மொழியை ஐயுறுவதும் எங்களைப் போன்ற வரலாற்று மாணவர்க்குப் பழகிப்போன வழி. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் எண்ணம் மாறியது.

ஜூலை 31 ஆகஸ்டு ஆன கதை

ஆங்கில ஆண்டின் சராசரி நீளம் 365 நாள், 5 மணி, 49 நிமிடம், 12 வினாடி. கதிரவன் ஒரு பருவத்திலிருந்து மீண்டும் அதே பருவத்திற்கு வரும் காலத்தை ஒட்டி அமைத்தது அது. தமிழ் ஆண்டோ, கதிரவன் மேட இராசியிலிருந்து மீண்டும் மேட இராசிக்கு வரும் காலம். அதாவது விண்மீன்களை அடையாளமாகக் கொண்டது. வாக்கியக் கணக்கின்படி அது 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 வினாடி. இரண்டுக்கும் வேறுபாடு ஆண்டுக்கு 23 நிமிடமும் சில வினாடியும். இது ஒரு தேநீர் குடிக்கும் நேரமே. ஆனால் இச்சிறு நேரம் ஏறத்தாழ 62 ஆண்டுகளில் ஒரு முழு நாளாக வளர்ந்துவிடும்.

1805-லிருந்து 2005 வரை 200 ஆண்டுகள். 200-ஐ 23.3 நிமிடத்தால் பெருக்கினால் 4,660 நிமிடம்; அதாவது 3 நாளும் சில மணியும். ஆங்கில ஆண்டில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பிப்ரவரி 29 நுழைவதால், குறித்த ஓர் ஆண்டில் இவ்வேறுபாடு 2 நாளாகவோ 3 நாளாகவோ அமையும். ஜூலை 31-ஓடு 2 நாளைக் கூட்டினால் ஆகஸ்டு 2. 3 நாளைக் கூட்டினால் ஆகஸ்டு 3. இன்று ஆடிப் பதினெட்டு வரும் நாள்கள் இவையே! 2020-ல் ஆகஸ்டு 2-ஆம் நாளும், 2025-ல் ஆகஸ்டு 3-ஆம் நாளும் அது வந்தது.

குரோதன ஆண்டாகிய 1805-ல் ஆடி முதல் நாள் ஜூலை 14. ஆடிப் பதினெட்டு ஜூலை 31. ஆக அச்சு நூலும் பிழைபடவில்லை, வாய்மொழியும் பிழைபடவில்லை. தூக்கு மேடையில் அன்று விடிந்த காலை ஒன்றுதான். அதனை ஆங்கிலேயர் தம் நாள்காட்டியில் குறித்தனர். மக்கள் தம் நாள்காட்டியில் குறித்தனர். இரு நாள்காட்டிகளும் ஆண்டுக்கு 23 நிமிடமாகத் தம்முள் விலகிச் சென்றுவிட்டன. எழுத்தறியாத உழவர்கள் 200 ஆண்டுகளாக ஒரு தேதியைத் தவறவிடாமல் காத்து வந்திருக்கிறார்கள் என்பதை இக்கணக்கு எனக்குக் காட்டியது. வீட்டில் எல்லோரும் ஆற்றுக்குப் புறப்படும் நாளன்று நேர்ந்த சாவை யார்தான் மறப்பர்?

இதே கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் ஒரு வேடிக்கை உண்டு. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், ஓரியின் காலத்தில், இன்றைய ஆங்கில நாள்காட்டியின்படி ஆடிப் பதினெட்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் விழும். முன்னோக்கி ஓட்டினால் அது ஆகஸ்டு 4, 5 என மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போகும். தேதி என்பது பாறையில் அடித்த முளை அன்று. ஓடையில் விட்ட ஓலை.

பிற நாடுகளிலும் இவ்வாறே

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் சேக்சுபியரும் எசுப்பானியாவின் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 என்னும் ஒரே தேதியோடு இணைத்துப் பேசப்படுகின்றனர். 1995-ல் யுனெசுகோ அந்நாளை உலகப் புத்தக நாளாகவும் அறிவித்தது. ஆனால் எசுப்பானியா 1582-லேயே புதிய நாள்காட்டிக்கு மாறிவிட்டது. அங்கு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15! இங்கிலாந்து 1752-ல்தான் மாறியது. செப்டம்பர் 2-க்கு மறுநாள் அங்கே செப்டம்பர் 14. எனவே 1616-ல் இரு நாட்டு ஏப்ரல் 23-களுக்கும் இடையே 10 நாள் வேறுபாடு இருந்தது. சின்னமலை செய்தியில் ஒரே நாளுக்கு இரு தேதிகள். இங்கே ஒரே தேதிக்கு இரு நாள்கள்.

ஆகஸ்டு 3-ஐ எடுத்துக்கொண்டால், 1492-ல் அந்தத் தேதியில்தான் கொலம்பசு பாலோசு துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். அதுவும் பழைய நாள்காட்டித் தேதியே. புதிய கணக்கில் அது ஆகஸ்டு 12. 1914-ல் அதே தேதியில் செருமனி பிரான்சின் மீது போர் தொடுத்தது. 1958-ல் அமெரிக்காவின் நாட்டிலசு என்னும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பனிக்கட்டியின் அடியில் சென்று வட முனையைத் தொட்டது. அமெரிக்கர் சிலர் இத்தேதியைத் தர்ப்பூசணி நாள் என்றும் கொண்டாடுகின்றனர். அங்கே அப்போது கோடை; பழம் மலிந்திருக்கும். நம் ஊரில் தர்ப்பூசணி மாசி பங்குனியிலேயே வந்து போய்விடும். எங்கள் மலையில் அப்படியொரு நாள் வைப்பதானால் அன்னாசிக்கோ பலாவுக்கோதான் வைக்க வேண்டும். ஆகஸ்டு மாதத்து முதல் ஞாயிறை நண்பர்கள் நாள் என நம் இளைஞர் கொண்டாடுகின்றனர். 2025-ல் அந்த ஞாயிறும் ஆடிப் பதினெட்டும் ஒன்றாக வந்தன. செம்மேட்டில் ஓரியின் சிலைக்கு அருகே மாணவர்கள் ஒருவர் கையில் ஒருவர் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டதைக் கண்டேன். அன்றே என் அத்தைமார் அருவிக்கரையில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டனர்.

இத்தகைய சேர்க்கைகளைக் கண்டு வியப்பதற்கு முன், கணிதம் சொல்வதைக் கேட்க வேண்டும். ஆண்டில் இருப்பவை 366 தேதிகளே. நினைக்க வேண்டிய நிகழ்ச்சிகளோ கோடி. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே அவர்களுள் இருவர்க்குப் பிறந்த நாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 50 பேர் இருந்தால் அது 97 விழுக்காடு. ஆகவே பல நினைவுகள் ஒரு தேதியில் மோதுவது அதிசயமன்று. அவற்றுள் எது மேலே நிற்கிறது, எது கீழே அமிழ்கிறது என்பதே கருதத்தக்கது.

அக்டோபர் 2 என்றவுடன் 1869-ல் பிறந்த காந்தியடிகளை நினைக்கிறோம். 1904-ல் அதே நாளில் பிறந்த லால் பகதூர் சாஸ்திரியைச் சற்றுத் தாமதித்தே நினைக்கிறோம். 1975-ல் அதே நாளில் பெருந்தலைவர் காமராசர் மறைந்தார் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? செப்டம்பர் 5 நமக்கு ஆசிரியர் நாள். டாக்டர் இராதாகிருட்டிணன் 1888-ல் பிறந்த நாள். 1872-ல் அதே தேதியில் பிறந்த கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி., ஆசிரியர்க்கு நாம் கொடுக்கும் பூச்செண்டுகளுக்குப் பின்னால் நிற்கிறார். இரு நினைவுகள் ஒரு தேதியில் சேரும்போது, ஒன்றுக்கு ஒன்று தோள் கொடுக்கவும் கூடும். ஒன்றை ஒன்று மறைக்கவும் கூடும். ஆடிப் பதினெட்டில் நீர் ஓரிக்குத் தோள் கொடுத்தது. அது சின்னமலையின் சாவை மறவாதபடியும் காத்தது.

அப்பாயியின் நாள்

இனி, தொடங்கிய இடத்திற்கு வருகிறேன். அப்பாயியின் ஆதார் அட்டையில் உள்ள பிறந்த தேதி 1971 ஜனவரி 1. எங்கள் ஊரில் ஜனவரி முதல் நாளில் ‘பிறந்தவர்’ அநேகர். வயதை மட்டும் தோராயமாகச் சொன்னவர்க்கு அந்த முதல் தேதியே பதிவாவது வழக்கம். வயதானவர்கள் எல்லோரும் புத்தாண்டில் பிறந்த அதிசயம் இப்படி நேர்ந்ததே. தேதி எப்படியாயினும் போகட்டும், ஆண்டும் பிழையாகிவிட்டது. அட்டையின்படி அவருக்கு வயது 54. 2025-ல் மாதம் 1,200 ரூபாயாக இருந்த உதவித்தொகையைப் பெற 60 நிரம்ப வேண்டும்.

அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பேருந்தில் நான் கேட்டேன். “அப்பாயி, நீங்க பொறந்தது எந்த வருசம்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?”

“எழுத்துத்தான் தெரியாது கண்ணு. வருசத்தோட பேரு தெரியும். சுபகிருதுன்னு எங்கய்யன் சொல்லுவாரு. வருசப் பொறப்புக்குக் கோயில்ல பஞ்சாங்கம் படிக்கறப்ப கேட்டு வெச்சிருந்தாரு.”

“அதை ஏன் அங்க சொல்லலை?”

“அவரு தேதிதானே கேட்டாரு?”

தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60. பிரபவ முதல் அட்சய வரை ஒரு சுற்று முடிந்ததும் மீண்டும் பிரபவ வரும். சுபகிருது அதில் 36-ஆவது. அது 1962-லும் வந்தது; அடுத்து 2022-லும் வந்தது. ஆங்கில ஆண்டை எழுதத் தெரியாதவர்க்கும் இம்முறையில் ஓர் அருமை உண்டு. தாம் பிறந்த ஆண்டின் பெயரை மீண்டும் காதால் கேட்டுவிட்டால் 60 நிரம்பிவிட்டது என்று பொருள். அறுபதாம் ஆண்டு நிறைவுக்குப் பெரிய விழா எடுப்பதன் காரணமும் இதுவே. 2022 ஏப்ரலில் சுபகிருது பிறந்தபோது எங்கள் அப்பாயிக்கு அது தெரிந்திருந்தது. எங்களில் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஆண்டு ஆடிப் பதினெட்டோடு அவருக்கு 60 நிரம்பிற்று. அட்டையின் கணக்கிலோ 2031-ல்தான் நிரம்பும்.

என் தந்தை பிறந்தது 1986. எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பரில் அவர் நடைபழகிக்கொண்டிருந்தார் என்பது வீட்டில் எல்லோரும் அறிந்தது. அட்டையை நம்பினால் அப்பாயிக்கு அப்போது 15 வயது. என் தந்தைக்கு முன்னே பிறந்த அத்தைமார் இருவரை எங்கே வைப்பது? சுபகிருதுவை நம்பினால் 24 வயது. எல்லாம் பொருந்துகிறது. வரலாற்று வகுப்பில் எங்கள் பேராசிரியர்கள் கல்வெட்டின் காலத்தைக் கணிக்கச் சொல்லிக்கொடுத்த முறையும் இதுவே. ஒரு சான்றை மற்றொரு சான்றோடு உரசிப் பார்க்க வேண்டும். அந்த முறையை என் வீட்டுத் திண்ணையில் பயன்படுத்த நேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அலுவலகம் கேட்பது பொருத்தமன்று, ஆவணம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வருவதற்கு முன் பிறந்தவர் அவர். பிறந்தது வீட்டில். பள்ளிக்கூடம் போனதில்லை. இப்போது காலதாமதப் பிறப்புப் பதிவுக்காக வருவாய்க் கோட்டாட்சியர்க்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். ஊர்க்கவுண்டரும் மூத்தோர் இருவரும் கையொப்பமிட்டுள்ளனர். ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு உறுதியான சான்றாகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியுள்ளதையும் மனுவில் குறித்தேன். இன்னும் விடை வரவில்லை. நம் கல்லூரியில் மலைப்பகுதிகளிலிருந்து வந்து பயிலும் நண்பர்கள் தத்தம் வீட்டு முதியவர்களின் அட்டைகளை ஒரு முறை எடுத்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். ஆண்டின் பெயரைக் கேளுங்கள். எந்த மாதம், என்ன திருவிழா என்று கேளுங்கள். அவர்கள் நாம் கேட்கும் வரை சொல்லமாட்டார்கள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் ஆடிப் பதினெட்டு ஒன்றல்ல என்பது புலனாகும். நீர் தன் போக்கில் வந்து ஏற்படுத்திய நாள் ஒன்று. வரலாறு நிகழ்ந்து, நாள்காட்டிகள் விலகியபின்னும் மக்கள் தவறாமல் பற்றிக்கொண்ட நாள் ஒன்று. நாளே அறியப்படாத வள்ளலுக்கு மக்கள் அன்பால் வழங்கிய நாள் ஒன்று. எழுத்தறியாத ஒரு பெண்ணின் நெஞ்சில் மட்டும் பதிவாகி, எந்த ஏட்டிலும் ஏறாத நாள் ஒன்று. முதல் மூன்றுக்கும் அரசு மாலையும் மேடையும் விடுமுறையும் தருகிறது. நான்காவதற்கு ஒரு முத்திரை மட்டுமே கேட்கிறோம்.

“எந்த ஆடிப் பதினெட்டும்மா?” என்று கேட்டவர் மீது எனக்கு இப்போது வருத்தமில்லை. அது நல்ல கேள்வி. வரலாற்று மாணவன் ஒவ்வொரு தேதியிடமும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது; நாங்கள்தான் கேட்கவில்லை.

2025 ஆகஸ்டு 3 அன்று அப்பாயியை அழைத்துக்கொண்டு பெரியகோவிலூர் சென்றேன். படிகளில் இறங்க அவரால் இயலவில்லை. ஐயாற்றங்கரையில் அமர்ந்து மீன்களுக்குப் பொரி போட்டார். “இன்னிக்கு உங்களுக்கு 63 நெறஞ்சிருச்சு அப்பாயி” என்றேன். “அப்படியா கண்ணு?” என்று கேட்டுவிட்டு, மீதிப் பொரியையும் ஆற்றில் கொட்டினார்.